குங்கிலியத்தின் நிறை

செஞ்சி மலைகளில் தோன்றி, வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் இடத்துக்கேற்பப் பெயர் பூண்டு, வில்லியனூரை அணுகுங்கால் சங்கராபரணி என்னும் இனிய நாமத்தோடு திருக்காஞ்சிப் படித்துறையைத் தொட்டுச் சென்று கடலில் கலக்கின்ற அந்தச் சிற்றாற்றின் கரையைப் பற்றிக்கொண்டு வடமேற்காக நடப்பவர்கள், அரை நாளைக்குள்ளாகவே திருவக்கரை என்னும் சிவஸ்தலத்தை அடைவார்கள். சந்திரமௌலீசுவரரையும் வக்கிரகாளியையும் தரிசிக்க வருகின்ற அடியவர் கூட்டம் அங்கே நாள்தோறும் உண்டு. ஆனால் ஊருக்கு அப்பால், சிவந்த மண்மேட்டின் மீது நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கின்ற மரங்களைக் காண வருவோர் சிலரே. அம்மரங்கள் கல்லாலானவை. ஆண்டு வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது, பட்டை உரிந்த தழும்புகூடத் தெரிகிறது, ஆயின் கையால் தட்டினால் கல்லின் ஓசையே எழுகிறது. பியேர் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் 1781 ஆம் ஆண்டிலேயே இவற்றைக் குறித்து எழுதிவைத்தார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் உள்ள அந்த நிலத்தில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமை உடையனவாகக் கருதப்படும் இருநூற்றுக்கும் மேற்பட்ட அடிமரங்கள் கிடக்கின்றன. வேரும் கிளையும் இலையும் இன்றி அவை கிடக்கும் கோலத்தைக் கொண்டு, அவை நின்ற இடத்திலேயே சாய்ந்தவை அல்ல என்றும், ஏதோ ஒரு பெருவெள்ளம் மேட்டுநிலக் காடுகளிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்றும் புவியியலார் கொள்கின்றனர்.

இம்மரங்களை நோக்கி நிற்கும்போது நாம் ஒரு விஷயத்தைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். மரத்தின் ரூபம் இங்கே பூரணமாக இருக்கிறது. மரத்தின் பதார்த்தமோ அநேகமாக இல்லை. மணலிடையே ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, அணு அணுவாக மரத்தின் உள்ளறைகளில் புகுந்து, அங்கிருந்த கரிமப் பொருள் அழிய அழிய அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. ஓவியன் இறந்த பின்னும் ஓவியம் நிற்பதுபோல, மரம் போன பின்னும் மரத்தின் வடிவம் நிற்கிறது. இந்த அத்தியாயத்தில் நாம் பேசப்போவது இதற்கு நேர்மாறான அதிசயத்தைப் பற்றியாகும்: வடிவம் என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சாமல், இலை, பட்டை, கணு, வளையம் ஆகிய சகலமும் அழிந்துபோன பின்னர், மரத்தின் பதார்த்தத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் தன் எலும்புக்கூட்டைக் குலையாமல் காத்துக்கொண்டு, கச்சா எண்ணெய்க்குள் கரைந்து கிடக்கின்ற விருத்தாந்தம் அது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதொரு நிலையும் உண்டு; அதற்கும் நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வில்லியனூருக்குத் தெற்கே, பெண்ணையாற்றுப் பாசனத்தில் செழித்து, புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூரில், பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 1884 ஆம் ஆண்டு, தாமே பொங்கும் ஊற்றுக்கிணறுகளுக்காகத் துளையிட்டபோது, நீரோடு கூடப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் வித்தியாஸ்தானம் ஒன்றுக்கு இறையிலியாக ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியைச் செப்பேட்டில் சுமந்த அந்த ஊரின் அடியில், அதனினும் எத்தனையோ பழைய சாசனம் ஒன்று கரிய ஏடாக விரிந்து கிடந்தது. அரைநூற்றாண்டுக்குப் பின், 1935 ஆம் ஆண்டளவில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்றில் கண்ட கரிய துகள்களும் அந்தப் பழுப்பு நிலக்கரியேயாம். அதன் பயனாக 1956 இல் நெய்வேலி நிறுவனம் எழுந்த வரலாறு யாவரும் அறிந்ததே. பாகூர்ப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 41 கோடியே 60 இலட்சம் டன் பழுப்பு நிலக்கரி இருப்பதாக அரசுக் கணக்கு கூறுகிறது. அதனை வெட்டி எடுப்பதற்காக அந்த நெல்வயல்களைத் திறக்க வேண்டும் என்று நான் கூற மாட்டேன். அந்த ஏட்டினை வாசிப்பதற்குத் துளைக்கருவி கொண்டுவரும் ஒரு முழ நீளத் தூண் போதும்.

பழுப்பு நிலக்கரியில் மரத்தின் ரூபமும் பாதி நிற்கிறது, பதார்த்தமும் பாதி நிற்கிறது. நெய்வேலிக் கரியை மெருகேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பவர்கள், மக்கிய மரத்திசுக்களின் நடுவே உருண்டையும் நீள்வட்டமுமான சிறு துளிகளைக் காண்கிறார்கள். நீல ஒளியோ புற ஊதா ஒளியோ பட்டால் அவை மட்டும் சுடர்விடுகின்றன. அத்துளிகள் மரத்தின் பிசின். காட்டின் மற்ற அங்கங்களெல்லாம் மக்கிக் கறுத்த பின்னும், தான் மட்டும் மக்காமல் நின்ற அந்தப் பிசினே நம் கதையின் நாயகன்.

பிசின் என்ற சொல்லைப் பற்றி இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். வேல மரத்திலிருந்தும் முருங்கையிலிருந்தும் கிராமத்துப் பிள்ளைகள் பிய்த்தெடுக்கும் பொருளையும் பிசின் என்கிறோம். குங்கிலியத்தையும் பிசின் என்கிறோம். முன்னது சர்க்கரைகளின் கூட்டத்தால் ஆனது. நீரில் ஊறும், கரையும், கிருமிகளுக்கு உணவாகும். பின்னது நீருக்கு மசியாது, எண்ணெயில் கரையும், நெருப்பிலிட்டால் உருகி நறும்புகை எழுப்பும், கிருமிகளும் பூச்சிகளும் அதனைத் தீண்டத் தயங்கும். தீண்டாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே மரம் அதனைச் சுரக்கிறது. பட்டையில் காயம் பட்டவுடன் உள்ளிருந்து கசிந்து வந்து, காற்றுப்பட்டு இறுகி, காயத்தை மூடி, துளைக்க வரும் வண்டையும் பூசணத்தையும் தடுத்து நிறுத்துவது அதன் தர்மம். கோயிலில் தூபமாகவும், வைத்தியனிடம் களிம்பாகவும், மரக்கலம் செய்வோரிடம் எண்ணெயோடு காய்ச்சிப் பலகை இடுக்குகளில் பூசும் மெழுக்காகவும் அப்பொருள் நம் வாழ்வில் நெடுங்காலமாகக் கலந்திருக்கிறது. மனைவியின் தாலியைக் கொடுத்து நெல் வாங்கி வரச் சென்றவர், வழியில் எதிர்ப்பட்ட வணிகனிடம் அதற்கு ஈடாகக் குங்கிலியப் பொதியை வாங்கிக்கொண்டு திருக்கடவூர்ச் சந்நிதிக்குத் திரும்பினார் என்று பெரியபுராணம் சொல்லும் கலய நாயனாரை அறியாத தமிழர் உண்டோ! காரைக்காலுக்கு வடக்கே உள்ள அந்தத் திருக்கடவூரின் சுற்றுவட்டாரத்தில்தான் இன்று எண்ணெய்க் கிணறுகளும் இருக்கின்றன என்பதை, பின்னால் வரும் ஒரு விஷயத்துக்காக, வாசகர் இப்பொழுதே நினைவில் கொள்வாராக.

குங்கிலியம் தரும் மரங்களில் தலையாய குலம் ஒன்று உண்டு. இரு சிறகுடைய கனி என்னும் பொருளில் தாவரவியலார் அதற்கு டிப்டெரோகார்ப்பேசியே என்று பெயரிட்டனர். வடநாட்டுச் சால மரமும், மேற்குமலைச் சரிவுகளின் வெள்ளைக் குங்கிலிய மரமும், மலேயா, போர்னியோ நாடுகளின் வானளாவிய காட்டு மரங்களும் இக்குலத்தைச் சேர்ந்தவை. மலாய் மக்கள் அதன் பிசினை டாமர் என்று அழைப்பர். இன்றைக்கு வெயிலில் முந்திரித் தோப்புகளே விரிந்து கிடக்கின்ற நம் செம்மண் மேடுகளில் ஒரு காலத்தில் இக்குலத்து மரங்களும் வந்து சேர்ந்தன என்பதற்குத் திருவக்கரைக் கற்களே சாட்சி: 1950களிலும் 60களிலும் தென்னார்க்காட்டுக் கல்மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து ஆராய்ந்த சி. ஜி. கே. ராமானுஜம், ஜி. கே. பி. நவலே முதலிய அறிஞர்கள், அவற்றுள் சில டிப்டெரோகார்ப் மரங்களே என்பதை, அம்மரங்களுக்கே உரிய பிசின் குழாய்களின் அமைப்பைக் கொண்டு காட்டினர். குழாய் கல்லாய் நிற்கிறது. அதனுள் ஓடிய பிசின் எங்கே போயிற்று என்று வினவாதிருக்க முடியுமா?

விடையறிய, பிசினின் கட்டுமானத்தைச் சற்றே நோக்க வேண்டும். செடிகள் ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோப்ரீன் என்னும் சிறு செங்கல்லை எடுத்து, அதனை மடங்கு மடங்காக அடுக்கி மணப்பொருள்களையும் பிசின்களையும் கட்டுகின்றன. மூன்று செங்கல்லை அடுக்கினால் பதினைந்து கார்பன். அந்த அடுக்கு வளையங்களாக மடங்கி அமையும் வகைகளுள் ஒன்று கேடினீன். டாமர்ப் பிசினில் இந்தக் கேடினீன்கள் தனித்தனியாகவன்றி, மணிமாலைபோல ஒன்றோடொன்று கோத்த நெடுஞ்சங்கிலியாக இருக்கின்றன. பாறைக்கடியில் புதைந்து, ஆழம் மிக மிக வெப்பமும் மிக, இலட்சக்கணக்கான ஆண்டுகள் கழியுங்கால் அந்த மாலை அறுகிறது. ஒவ்வொரு மணியாக உதிர்வதும் உண்டு. இரண்டு மணிகள் ஒட்டியபடியே உதிர்ந்து, மேலும் இறுகி ஐந்து வளையங்கள் கொண்ட ஒரே மூலக்கூறாவதும் உண்டு. இப்படிப் பிறந்த இரட்டையனுக்குப் பைகேடினேன் என்று பெயர். அதன் நிறையைக் கணக்கிடுவது எளிது. கார்பன் அணுவின் நிறை 12, ஹைட்ரஜனின் நிறை 1; பதினைந்து கார்பனும் இருபத்துநான்கு ஹைட்ரஜனும் உடைய கேடினீனின் நிறை 204; இரண்டு கேடினீன்களின் நிறை 408; இடையில் நான்கு ஹைட்ரஜன் வந்து சேர, 412. குங்கிலியம் தன் மணத்தையும் நிறத்தையும் உருவத்தையும் இழந்துவிட்ட பின்னர், அதன் அடையாளமாக நமக்கு எஞ்சியிருப்பது இந்த எண்ணே.

எண்ணெய்க்குள் உயிரின் எச்சத்தைத் தேடலாம் என்னும் எண்ணத்தை முதலில் மெய்ப்பித்தவர் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ். 1930களின் நடுவில், கச்சா எண்ணெயிலிருந்து அவர் பிரித்தெடுத்த செந்நிறப் பொருள்கள், இலையின் பச்சையத்திலிருந்து வந்தவையே என்பதை, இரண்டுக்கும் பொதுவான வளைய அமைப்பைக் கொண்டு அவர் நிறுவினார். பச்சையத்தின் நடுவிலிருந்த மக்னீசியம் வெளியேற, அவ்விடத்தில் வனேடியம் வந்து அமர்ந்திருந்தது. வீட்டுக்காரன் மாறினாலும் வீடு மாறவில்லை. பாறை எண்ணெய் பாறையின் எண்ணெய் அன்று, உயிரின் எண்ணெய் என்னும் கொள்கைக்கு இதனினும் வலிய ஆதாரம் வேறில்லை.

புதுச்சேரியைச் சேர்ந்த வாசகர் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். பழங்காடுகளை அறிவதற்கு மகரந்தம் இருக்கிறதே. 1955 இல் நிறுவப்பட்ட நம் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் மகரந்த ஆய்வுக்கூடமும், அதில் அருந்தொண்டாற்றி 1986 இல் அகால மரணமடைந்த கணபதி தணிகைமணி போன்ற அறிஞர்களும் வளர்த்த சாத்திரம் போதாதா என்று. பாறைக்கும் நிலக்கரிக்கும் அது உத்தமமான சாட்சி. ஆனால் எண்ணெய் தான் பிறந்த பாறையிலேயே தங்குவதில்லை. மணற்கல்லின் நுண்துளைகளில் கசிந்து ஏறி, எங்கோ ஒரு மடிப்பில் சிறைப்பட்டு நிற்கிறது. அந்தப் பயணத்தில் மகரந்தத்தூள் வடிகட்டப்பட்டுப் பின்னே நின்றுவிட, மூலக்கூறு மட்டும் உடன் வருகிறது. பிறந்த ஊரை விட்டுப் போனவனிடம் ஊரின் பெயரைக் கேட்டறிய இயலாதபோது, அவன் பேச்சின் சாயலைக் கொண்டுதான் அறியவேண்டும்.

அந்தச் சாயலைக் கேட்கும் செவி எது? நிறை நிறமாலைமானி என்னும் உபகரணம். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஜே. ஜே. தாம்சன் நியான் வாயு 20, 22 என்னும் இருவேறு நிறைகளை உடையதாய் இருப்பதைக் கண்டதிலிருந்தும், அவருடைய உதவியாளராயிருந்த ஆஸ்டன் 1919 இல் அமைத்த கருவியைக் கொண்டு செய்த கண்டுபிடிப்புகளுக்காக 1922 ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றதிலிருந்தும் வளர்ந்து வந்த கலை இது. அதன் தத்துவம் எளிது. எடையிடவேண்டிய பொருளை ஆவியாக்கி, எலெக்ட்ரான்களால் தாக்கி, மின்னேற்றம் பெற்ற அயனிகளாக்கி, மின்புலத்திலோ காந்தப்புலத்திலோ ஓடவிட்டால், பாரமானது ஒருவிதமாகவும் இலேசானது வேறுவிதமாகவும் ஒதுங்கும். ஒதுங்கிய விதத்தைக் கொண்டு நிறையை அறியலாம்.

ஆனால் கச்சா எண்ணெயை அப்படியே இக்கருவியினுள் ஊற்றினால் குழப்பமே மிஞ்சும். ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒரே சமயத்தில் பேசும் சந்தையிரைச்சலில் ஒரு குரலை எங்ஙனம் பிரித்தறிவது! ஆகவே முதலில் எண்ணெயைச் சிலிக்காத் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றி, ஹெக்சேன் என்னும் கரைப்பானால் கழுவி, நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்களை மட்டும் தனியே வடித்துக்கொள்கிறார்கள். அவ்வடிநீரில் ஊசிமுனையளவு எடுத்து, முப்பது அல்லது அறுபது மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் உடையதாய், சுருள் சுருளாக அடுப்பினுள் வைக்கப்பட்டிருக்கும் ஒரு குழலினுள் செலுத்துகிறார்கள். ஹீலியம் வாயு அதனை முன்னே தள்ள, அடுப்பின் வெப்பம் மெல்ல மெல்ல 300 பாகையை எட்ட, குழலின் உட்பூச்சில் ஒட்டாதவை விரைந்தும் ஒட்டுபவை தயங்கியும் நகர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக மறுமுனையில் வந்து சேர்கின்றன. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிகழும் இந்த ஊர்வலத்தின் முடிவில், கோபுர வாசலில் நின்று எண்ணுபவன்போல நிறைமானி நின்று, வருவோர் ஒவ்வொருவரின் நிறையையும் குறித்துக்கொள்கிறது.

இங்கேதான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. 412 என்னும் நிறை பைகேடினேனுக்கு மட்டும் சொந்தமானது அன்று. பாக்டீரியாக்களின் உயிரணுச் சவ்விலிருந்து வரும் ஹோப்பேன் என்பதற்கும் நிறை 412. பூக்கும் செடிகள் பலவற்றிலிருந்து வரும் ஓலியனேனுக்கும் நிறை 412. மூன்றிலும் முப்பது கார்பன், மூன்றிலும் ஐம்பத்திரண்டு ஹைட்ரஜன், மூன்றிலும் ஐந்து வளையங்கள். துலாக்கோலுக்கு மூன்றும் ஒன்றே. பின் எப்படிப் பிரிப்பது?

உடைத்துப் பார்த்தே பிரிக்கவேண்டும். வில்லியனூரின் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. அங்குள்ள வேட்கோவர் செய்த, ஒரே எடையுள்ள மூன்று பாண்டங்களைத் தரையில் போட்டு உடைத்தால், கழுத்தை வேறாக வனைந்து ஒட்டியது கழுத்தில் விடும். அடியைத் தட்டிச் சேர்த்தது அடியில் விடும். சில்லுகளைப் பொறுக்கிப் பார்த்தே எது எந்தக் கையால், எம்முறையில் செய்யப்பட்டது என்பதைத் தேர்ந்தவன் கூறிவிடுவான். மூலக்கூறும் அவ்வாறே தன் பலவீனமான மூட்டுகளில் உடைகிறது. எலெக்ட்ரானின் தாக்குதலில் ஹோப்பேனும் ஓலியனேனும் நடு வளையத்தில் பிளந்து, பதினான்கு கார்பனும் இருபத்துமூன்று ஹைட்ரஜனும் கொண்ட, 191 நிறையுள்ள சில்லைப் பேரளவில் தருகின்றன. பைகேடினேனோ, தன் வெளிவிளிம்பில் கொண்டுள்ள மூன்று கார்பன் கிளை ஒன்றை, அதாவது 43 நிறையை, உதிர்த்துவிட்டு, 369 என்னும் பெருஞ்சில்லாக நிற்கிறது. ஆதலால் ஆய்வாளர் இரண்டு நிறைமானிகளை அடுத்தடுத்து வைத்து, முதலாவதில் 412 நிறையுள்ளவற்றை மட்டும் உள்ளே விட்டு, இடையில் வாயுவோடு மோதி உடையச் செய்து, இரண்டாவதில் 369 ஆக வெளிவருபவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். ஹோப்பேனும் சிறிதளவு 369 தரும் என்பது உண்மையே. ஆயினும் பைகேடினேன்கள் குழலினின்று முன்னதாகவே வந்துவிடுகின்றன, ஹோப்பேன் பிந்தியே வருகிறது. வந்த நேரம், வந்தபோது இருந்த நிறை, உடைந்த சில்லின் நிறை ஆகிய மூன்றும் ஒத்துப்போனாலொழிய எந்தத் தீர்ப்பும் எழுதப்படுவதில்லை. நீதிமன்றங்களிலும்கூட இத்தனை கண்டிப்பு இருக்குமா என்பது ஐயமே.

இந்த அடையாளம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு, விஞ்ஞானம் முன்னேறும் விதத்துக்கு ஒரு நல்ல உதாரணம் ஆதலின், அதனைச் சற்று நின்று கூற விரும்புகிறேன். 1983 ஆம் ஆண்டில், தூரக்கிழக்கு நாடுகளின் எண்ணெய்களை ஆராய்ந்த கிராந்தம் முதலியோர், பெயரறியாத சில சிகரங்கள் தம் வரைபடங்களில் திரும்பத் திரும்ப எழுவதைக் கண்டனர். இன்னவை என்று சொல்ல இயலாமையால், அவற்றுக்கு வெறும் எழுத்துகளையே பெயராக இட்டனர்: டபிள்யூ, டி, ஆர். அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொண்டு அதற்கோர் எழுத்தைச் சூட்டிவைத்தல் எளிய காரியம்போல் தோன்றும். ஆனால் பின்வருவோர்க்கு வழிகாட்டியது அதுவே. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1986 இல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த காக்ஸ், டி லியூ முதலியோர் அப்பொருளுள் ஒன்றை எண்ணெயிலிருந்து தூய படிகமாகப் பிரித்தெடுத்து, எக்ஸ் கதிர்களால் அதன் அமைப்பை வரைந்து, அது கேடினேனின் இரட்டை என்பதைக் கண்டனர். 1990 இல் வான் ஆர்சனும் அவருடைய தோழர்களும், புதைந்த டாமரிலும் இக்காலத்து டாமரிலும் ஒருங்கே கேடினீன் சங்கிலி இருப்பதைக் காட்டி, தென்கிழக்கு ஆசிய எண்ணெய்களின் பைகேடினேன்களுக்கு அதுவே தாய் என நிறுவினர். எண்ணெயில் கண்ட பொருளுக்குப் பின்னோக்கிச் சென்று மரத்தைக் கண்டுபிடித்தார்கள்! ஹோப்பேனின் கதையும் இத்தகையதே. ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக் கி ஊரிஸ்ஸோன் முதலியோர் அதன் உறவுகளைப் பாறைகளில் எங்கும் நிறைந்திருக்கக் கண்ட பிறகே, அவற்றின் பிறப்பிடம் பாக்டீரியாக்களின் சவ்வில் இருப்பது உலகுக்குப் புலப்பட்டது.

நம் தேசத்தில் இவ்வடையாளம் பேசிய பேச்சுகளுள் மிக முக்கியமானது குஜராத்திலிருந்து வந்தது. சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், ஐந்து கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட படிவங்களுக்கிடையே, தேன் நிறமான அம்பர்க் கட்டிகள் கிடைத்தன. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்து ஹுக்கம் சிங், ஜெர்மனியின் ஜெஸ் ரஸ்ட், அமெரிக்காவின் டேவிட் கிரிமால்டி முதலியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், அதனுள் அகப்பட்டிருந்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி முதலிய சிற்றுயிர்களை விவரித்தனர். அந்த அம்பரைச் சூடாக்கி, பிரிந்த ஆவியை நிறைமானியில் செலுத்தியபோது கேடினீன் குடும்பத்தின் சில்லுகளே மேலோங்கி நின்றன. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சூர்யேந்து தத்தா முதலியோரின் ஆய்வுகளும் இதனையே உறுதிப்படுத்தின: அது டிப்டெரோகார்ப் பிசின்.

இதன் பொருள் என்னவென்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டியிருந்து பிரிந்து, தனித்தீவாகக் கடலில் வடக்கு நோக்கி நகர்ந்து வந்த நம் உபகண்டம், ஆசியாவோடு மோதத் தொடங்கிய அந்தக் காலத்திலேயே குங்கிலியக் காடுகள் இங்கே தழைத்திருந்தன. இக்காடுகளுக்குப் போர்னியோவே ஆதியகம் என்று பலர் எண்ணியிருக்க, இந்தியாவே அம்மரங்களைத் தெற்கிலிருந்து சுமந்து வந்து கிழக்குக்கு அளித்தது என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது. அவ்வாறு கிழக்கே பரந்த காட்டின் எச்சத்தை அஸ்ஸாமில் காணலாம். 1889 இல் திக்பாயில் துளையிடப்பட்ட கிணறும், 1901 இல் அங்கு எழுந்த சுத்திகரிப்பாலையும் இந்திய எண்ணெய் வரலாற்றின் தொடக்கம் எனப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். மேல் அஸ்ஸாமின் எண்ணெய்களில் பைகேடினேனும் ஓலியனேனும் மிகுதியாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பண்டைய நிலக்கரிச் சேற்றிலிருந்து பிறந்த எண்ணெய் அது. அந்தக் கிணறுகளைச் சூழ்ந்த காட்டில் இன்றும் ஓங்கி நிற்கும் ஹோலோங் மரம், அஸ்ஸாமின் மாநில மரம், அதே டிப்டெரோகார்ப் குலத்தது. முன்னோரின் பிசின் அடியில் எண்ணெயாய் ஓட, வழித்தோன்றல் மேலே புதிய பிசினைச் சுரந்து நிற்கும் அத்தகைய இடம் உலகில் எத்தனை இருக்க முடியும்!

இனி, திருக்கடவூரை நினைவில் கொள்ளுமாறு கேட்டேனல்லவா? நரிமணம், கோவில்களப்பால், புவனகிரி முதலிய இடங்களில் எண்ணெய் தரும் காவிரிப் படுகை, பெரும்பாலும் கிரெட்டேசிய காலத்துப் பாறைகளையே தன் எண்ணெய்க்கு மூலமாகக் கொண்டது. அதாவது, நாம் மேலே கண்ட காடுகள் தழைப்பதற்கு நெடுங்காலம் முந்தியது. அத்தகைய பாறையில் பிறந்த எண்ணெயில் டாமரின் முத்திரையை எதிர்பார்ப்பது, பாட்டனின் கையெழுத்தில் பேரனின் பெயரைத் தேடுவது போலாகும். ஒருகால் அம்முத்திரை சிறிதளவு தென்பட்டாலும், ஆய்வாளர் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. எண்ணெய் ஒரு நல்ல கரைப்பான். மேலேறும் வழியில் இளமையான நிலக்கரிப் படிவம் ஒன்றினூடே செல்ல நேர்ந்தால், அங்குள்ள பிசினின் மூலக்கூறுகளைத் தன்னோடு கரைத்துக்கொண்டு போய்விடும். குங்கிலியப் பொதியின் பக்கத்தில் வைத்த வேட்டியில் வாசனை ஏறுவது போன்றது அது. வேட்டி கமழ்கிறது என்பதனால் அது குங்கிலியத்தால் நெய்யப்பட்டது என்று முடிவு கட்டலாகுமா? ஆகவே பிசின் அடையாளத்தின் அளவை ஹோப்பேனின் அளவோடும் வேறு பல அடையாளங்களோடும் ஒப்பிட்டு, எண்ணெயின் முதுமையையும் அடையாளங்களின் முதுமையையும் தனித்தனியே மதிப்பிட்டு, இரண்டும் ஒரே பாறையைச் சுட்டுகின்றனவா என்று பார்த்த பிறகே எழுதுகோலை எடுக்கவேண்டும். எண்ணெய் எங்கே பிறந்தது என்பதைத் தவறாக எழுதினால், அடுத்த கிணறு தவறான இடத்தில் துளையிடப்படும். பல கோடி ரூபாயும், ஒரு விவசாயியின் நிலமும் வீணாகும்.

பாகூரின் அடியில் உள்ள கரிய ஏட்டை இம்முறையில் வாசிக்கப் புகுவோர் செய்யவேண்டிய காரியங்களை நினைத்துப் பார்க்கிறேன். துளைக்கருவி கொண்டுவந்த பழுப்பு நிலக்கரியில் ஒரு கைப்பிடி எடுத்து, உலர்த்தி, பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, சிலிக்காவில் ஏற்றிக் கழுவவேண்டும். பழுப்பு நிலக்கரி இன்னும் போதிய வெப்பம் காணாத இளங்கரி ஆதலால், அதன் பிசின் சங்கிலியில் பெரும்பகுதி அறாமலே இருக்கும்; எனவே ஒரு பகுதியைத் தனியே சூடாக்கி, அறுந்து விழும் சில்லுகளையும் பார்க்கவேண்டும். பக்கத்தில், ஒப்புமைக்காக, வில்லியனூர்க் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் குங்கிலியத்தையும் ஒரு சிட்டிகை அதே முறையில் சூடாக்கிக்கொள்ளலாம். அது டிப்டெரோகார்ப் மரத்ததுதானா, வேறு மரத்ததா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இரண்டு ஊசிகள், இரண்டு ஓட்டங்கள். அடுப்பின் வெப்பம் ஏற ஏற, இலேசானவை முதலில் வரும். 204 நிறையுள்ள கேடினீன்கள் ஊர்வலத்தின் முற்பகுதியில் கூட்டமாய்க் கடந்துபோகும். பிறகு நெடுநேரம் காத்திருக்கவேண்டும். ஹோப்பேன் வருவதற்குச் சற்று முன்னதாக, 412 இலிருந்து 369 க்கு இறங்கும் அந்தக் கோடு அசைகிறதா என்று பார்த்தபடி.